நம்பகமான வண்டி என்ற பெயர் இன்னும் உங்களுடையதுதானா?

கார் உற்பத்தி நிறுவனம் ஒன்றின் நிர்வாக இயக்குநர் அவர்களுக்கும், தரக் கட்டுப்பாட்டுத் துறைத் தலைவர் அவர்களுக்கும்,

என் வண்டியின் கியர்பாக்ஸ் குறித்து நான் கொடுத்த புகாரை முடித்துவிட்டதாக உங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு கடிதம் அனுப்பியிருக்கிறது. வண்டி கிளம்பும்போது வரும் உதறல் "இந்த வகை கியர்பாக்ஸுக்கு இயல்பானது" என்கிறது முதல் பத்தி. வாரண்டி முடிந்துவிட்டதால் பழுது நீக்கும் செலவை நிறுவனம் ஏற்காது என்கிறது இரண்டாவது பத்தி. இயல்பான ஒன்றுக்கு எதற்குப் பழுது நீக்கம்? பழுது என்றால் அது எப்படி இயல்பாகும்? இரண்டு பத்திகளையும் எழுதியவர் ஒருவர்தானா என்றே சந்தேகமாக இருக்கிறது. கடிதத்தின் அடியில், நம்பகத்தன்மைக்காக நீங்கள் வாங்கிய விருதுகளை வரிசையாக அச்சிட்டிருக்கிறீர்கள்.

பதிலை உங்களுக்கே அனுப்பியிருப்பேன். புகார் எண் மூடப்பட்டுவிட்டது, இனி இதில் பதில் அளிக்கப்படாது என்று கடைசி வரியில் போட்டுவிட்டீர்கள். ஆகவே பொதுவில் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. படிப்பவர்களில் பாதிப் பேர் வேறு ஏதாவது ஒரு நிறுவனத்தை ஊகிப்பார்கள். அதுவும் பொருந்திப்போகும் என்பதுதான் வேடிக்கை.

நான் கொடுத்த விலையில் ஒரு பகுதி வண்டிக்கு, ஒரு பகுதி பெயருக்கு. இதே அளவில், இதே வசதிகளோடு, இதைவிடக் குறைந்த விலைக்கு வேறு வண்டிகள் இருந்தன. மேற்கொண்டு கொடுத்த பணம் முழுக்க, "அந்தக் கம்பெனி வண்டியா, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்ற ஒரே பேச்சுக்காக. அந்தப் பேச்சை உங்கள் விளம்பரத் துறை எழுதவில்லை. உங்கள் பழைய வண்டிகளை வைத்திருந்தவர்கள் சொன்னார்கள், அவற்றைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக்குகள் சொன்னார்கள். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் சொன்னது நான் வாங்கிய வண்டியைப் பற்றி அல்ல. பெயர்ப்பலகை மட்டும்தான் ஒன்று.

முதலில் என் வண்டியின் கதை. சிக்னலில் நின்று கிளம்பும்போதும், ஏற்றத்தில் மெதுவாக ஏறும்போதும் வண்டி உதறும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சின் மட்டும் சத்தம் போட்டு ஏறும், வண்டி ஒரு கணம் தாமதித்துத்தான் நகரும். வாரண்டி பாதிகூட முடியாத நேரத்தில் இது தொடங்கியது. உங்கள் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்டது, "புது வண்டி சார், செட் ஆகணும்." அடுத்த முறை, "சாஃப்ட்வேர் அப்டேட் போட்டிருக்கோம், ஓட்டிப் பாருங்க." அதற்கடுத்த முறை சர்வீஸ் அட்வைசர் என்னோடு வண்டியில் உட்கார்ந்து வந்தார். வண்டி உதறியது. அவர் உடம்பும் சேர்ந்து குலுங்கியது. "எல்லா வண்டியிலயும் இப்படித்தான் இருக்கு சார்" என்றார். அந்த இளைஞர் மீது எனக்குக் கோபம் இல்லை. உண்மையைச் சொன்னால் அவருடைய வேலைக்கு ஆபத்து, பொய் சொன்னால் என்னோடு சண்டை. இரண்டுக்கும் நடுவில் அவரை நிறுத்தியது நீங்கள். யோசித்துப் பார்த்தால், அவர் சொன்னதுதான் இந்த விவகாரம் முழுவதிலும் மிக நேர்மையான வாக்குமூலம். எல்லா வண்டியிலும் இருக்கிறது!

பிறகு, "நீங்க ஓட்டுற விதத்துல இருக்கலாம்" என்றும் சொல்லப்பட்டது. வாரண்டி முடிந்து சில வாரங்களில் அந்த விளக்கங்கள் எல்லாம் ஒரேயடியாக மறைந்துவிட்டன. "வால்வு பாடி போயிருக்கு, மாத்தணும். ஆயிலும் மாத்தணும். வாரண்டியில வராது" என்றார்கள். கியர்பாக்ஸுக்குள் ஆயிலைப் பங்கிட்டு அனுப்பும் பாகம்தான் வால்வு பாடி. அதுவரை இயல்பாக இருந்தது, பணம் நான் கொடுக்க வேண்டும் என்றானதும் பழுதாகிவிட்டது.

ஒவ்வொரு முறையும் கொடுத்த ஜாப் கார்டுகள் என்னிடம் இருக்கின்றன. உதறல் என்று நான் சொன்னதை "வாடிக்கையாளர் செயல்திறன் பற்றி விசாரித்தார்" என்று எழுதியிருக்கிறார்கள். முடிவுப் பகுதியில் "குறை காணப்படவில்லை". இப்படி எழுதிவிட்டால் உங்கள் கணினியில் என் வண்டி குறையே இல்லாத வண்டியாகிவிடும். என்னைப் போல எத்தனை பேருடைய உதறல் இப்படி விசாரிப்பாகப் பதிவாகியிருக்கிறதோ, அத்தனையும் சேர்ந்துதான் உங்கள் தரக் கட்டுப்பாட்டுத் துறையின் மேசைக்கு நல்ல அறிக்கையாக வந்து சேர்கிறது.

இன்னொரு சான்றும் உண்டு. இதைத் தரக் கட்டுப்பாட்டுத் துறைத் தலைவர் கவனித்துப் படிக்க வேண்டும். மாற்றிய பழைய வால்வு பாடியை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதன் மேல் இருந்த பார்ட் நம்பரையும், பில்லில் இருந்த புதியதன் பார்ட் நம்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கடைசி எழுத்து மட்டும் மாறியிருந்தது. பார்ட் நம்பரின் கடைசி எழுத்தை எந்த நிறுவனமும் அழகுக்காக மாற்றுவதில்லை. உள்ளே ஏதோ திருத்தியிருக்கிறீர்கள். திருத்தினீர்கள் என்றால் தவறு இருந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு விற்ற பழைய வடிவத்தின் விலையையும் நான்தான் கொடுத்தேன், திருத்திய வடிவத்தின் விலையையும் நான்தான் கொடுத்தேன்.

"இந்த வகைக்கு இயல்பு" என்ற வாதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். என் வண்டியில் இருப்பது சிவிடி என்ற வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அதில் வழக்கமான பற்சக்கர கியர்கள் மாறுவதில்லை. கூம்பு முகம் கொண்ட இரண்டு கப்பிகளுக்கு நடுவே எஃகு பெல்ட் ஒன்று ஓடுகிறது. ஆயிலின் அழுத்தம்தான் கப்பிகளை இறுக்கி, பெல்ட் நழுவாமல் பிடித்துக்கொள்கிறது. எந்த நேரத்தில் எங்கே எவ்வளவு அழுத்தம் என்று பங்கிட்டு அனுப்புவது வால்வு பாடி. அதிலுள்ள சொலினாய்டு என்ற மின்வால்வு ஒன்று சிக்கிக்கொண்டாலோ, சூட்டில் ஆயில் கெட்டு அதன் உராய்வுத் தன்மை குறைந்தாலோ, பெல்ட் நழுவி நழுவிப் பிடிக்கும். ஓட்டுகிறவருக்கு அது உதறல். கப்பிக்கு அது கீறல். கீறல் விழுந்த கப்பியில் பெல்ட் இன்னும் அதிகமாக நழுவும், உதிர்ந்த உலோகத் துகள் ஆயிலோடு சேர்ந்து வால்வு பாடிக்கே திரும்பிப் போகும். ஆகவே உதறலைச் சொல்லிக்கொண்டு வருகிறவரை "ஓட்டிப் பாருங்க" என்று அனுப்புவது, கியர்பாக்ஸ் வீணாகட்டும் என்று காத்திருப்பதற்குச் சமம். சிவிடிக்கென்று தனிக் குணங்கள் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். எஞ்சின் சத்தம் முந்திக்கொண்டு ஏறுவது அதில் ஒன்று. உதறல் அந்தக் கணக்கில் வராது.

ஓட்டுகிறவர் மீது பழி போடுவதும் புதிய உத்தி அல்ல. ஃபோர்டு நிறுவனம் ஃபியஸ்டா, ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் வண்டிகளில் வைத்த பவர்ஷிஃப்ட் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் உதறியது. புகார் செய்த ஆஸ்திரேலிய வாடிக்கையாளர்களிடம், நீங்கள் ஓட்டும் விதம்தான் காரணம் என்று சொல்லப்பட்டது. அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. புகார்களைக் கையாண்ட விதம் நியாயமற்றது என்று 2018-இல் ஃபெடரல் நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. கவனியுங்கள், அபராதம் கியர்பாக்ஸ் உதறியதற்காக அல்ல. உதறுகிறது என்று சொன்னவர்களை நடத்திய விதத்துக்காக. நிசானின் வழி வேறு. அமெரிக்காவில் அதன் சிவிடி கியர்பாக்ஸ்கள் மீது புகார்கள் குவிந்தபோது, 2003 முதல் 2010 வரையிலான மாடல்களுக்கு அந்தப் பாகத்தின் வாரண்டியை 10 ஆண்டு அல்லது 1,20,000 மைல் வரை நீட்டித்தார்கள். அதற்குப் பிறகும் நிசானின் சிவிடிக்கு நல்ல பெயர் வரவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் வாங்கியவர் தலையில் முழுச் செலவையும் கட்டவில்லை.

இனி உங்கள் பெயருக்கு வருகிறேன். அப்படி ஒரு பெயர் எப்படி வரும் என்று உங்களுக்கு நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

நம்பகத்தன்மை என்றதும் உலகம் முழுக்க முதலில் நினைவுக்கு வருவது டொயோட்டாவும் அதன் லெக்ஸஸும். லெக்ஸஸ் 1989-இல் எல்எஸ் 400 என்ற காரோடு சந்தைக்கு வந்தது. சில மாதங்களிலேயே இரண்டு புகார்கள்: ஒன்று வயரிங் பற்றி, ஒன்று பிரேக் விளக்கு சூடாவது பற்றி. வெறும் இரண்டு. அதற்காக அதுவரை விற்ற ஏறத்தாழ 8,000 கார்களையும் திரும்ப அழைத்தார்கள். வீடுகளுக்குப் போய் வண்டியை எடுத்து வந்து, சரிசெய்து, கழுவி, டேங்க்கை நிரப்பித் திருப்பிக் கொடுத்தார்கள். புத்தம் புதிய நிறுவனம் ஒன்றுக்கு அது தலைக்குனிவாக முடிந்திருக்க வேண்டும். மாறாக, அந்த நாட்களில்தான் லெக்ஸஸுக்குப் பெயர் நிலைத்தது. அதற்கும் பல ஆண்டுகள் முன்பே டொயோட்டாவின் தொழிற்கூடங்களில், கோளாறு கண்ட தொழிலாளி எவரும் கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையை நிறுத்தலாம் என்ற வழக்கம் இருந்தது. உங்கள் தொழிற்கூடத்திலும் அப்படி ஒன்று இருக்கிறது என்று உங்கள் ஆண்டறிக்கையில் படித்தேன். சர்வீஸ் சென்டரில் வண்டிக்குள் என்னோடு சேர்ந்து குலுங்கிய அந்த இளைஞருக்கு இழுப்பதற்கு என்ன கொடுத்திருக்கிறீர்கள்?

உங்கள் பழைய வண்டிகள் அந்தப் பெயருக்குத் தகுதியுள்ளவைதான். அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஏன் அவை உழைத்தன என்பதற்கு மர்மமும் இல்லை. காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் டர்போ இல்லாத, தேவைக்குச் சற்றுப் பெரிய எஞ்சின். அதனால் அது ஒருநாளும் மூச்சு முட்ட ஓட வேண்டியிருக்கவில்லை. பெட்ரோல் உள்ளிழுப்புக் குழாயிலேயே தெளிக்கப்பட்டதால் வால்வுகள் அதில் கழுவப்பட்டுக்கொண்டே இருந்தன. வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் செயின் எஃகு. ஆட்டோமேட்டிக் என்றால் நாலு கியர், எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியே கடத்தும் டார்க் கன்வெர்ட்டர். ஒரே எஞ்சினைப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் விடாமல் செய்தீர்கள்; முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் தெரிந்த குறைகளைத் திருத்தத் திருத்த அது மெருகேறியது. இன்று வருவது வேறு. சிறிய எஞ்சினில் டர்போ வைத்துப் பெரிய எஞ்சினின் வேலையை வாங்குகிறீர்கள். பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பாய்வதால் உள்ளிழுப்பு வால்வுகளில் கரி படிகிறது. சில நிறுவனங்கள் ரப்பர் டைமிங் பெல்ட்டை எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே ஓட விட்டன. பெல்ட் ஊறி உதிர்ந்து, ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைத்தது. பியூஷோ, சிட்ரோயன் வண்டிகளின் 1.2 ப்யூர்டெக் எஞ்சினில் இது பெரும் தலைவலியாகி, அவற்றின் தாய் நிறுவனமான ஸ்டெல்லாண்டிஸ் அந்த எஞ்சினுக்கு 2024-இல் 10 ஆண்டு உத்தரவாதம் தர வேண்டி வந்தது.

இந்த மாற்றங்களுக்குப் பின்னால் நியாயம் உண்டு. புகை விதிகள் கடுமையாகியிருக்கின்றன, எரிபொருள் சிக்கனம் வேண்டும். நான் பழைய எஞ்சினைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. தாத்தா சம்பாதித்த நிலத்தை அடகு வைத்துப் பேரன் புதுத் தொழில் தொடங்கலாம், தப்பில்லை; ஆனால் கடன் கொடுப்பவரிடம் அது அடகு என்று சொல்ல வேண்டும். புதிய எஞ்சினுக்கும் புதிய கியர்பாக்ஸுக்கும் இன்னும் வரலாறே இல்லை என்பதை மறைத்து, பழையவற்றின் வரலாற்றைக் காட்டி விற்கிறீர்கள்.

பெயரும் வண்டியும் வேறு வேறு என்பதற்கு உங்கள் தொழில் துறையிலேயே ஒரு அருமையான சான்று இருக்கிறது. கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட்டில் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து 1984 முதல் நம்மி என்ற தொழிற்கூடத்தை நடத்தின. அங்கே ஒரே வரிசையிலிருந்து, அதே தொழிலாளர்கள் கையால், அதே எஞ்சினோடு இரண்டு கார்கள் வந்தன. ஒன்றில் டொயோட்டா கொரோலா என்ற பெயர், மற்றொன்றில் ஜெனரல் மோட்டார்ஸின் ஜியோ ப்ரிஸம். பழைய கார் சந்தையில் கொரோலா விலை நின்றது, ப்ரிஸம் இறங்கியது. இரும்பு ஒன்றுதான். மக்கள் பெயருக்குத்தான் அதிகம் கொடுத்தார்கள். மறுபக்கம் பாருங்கள்: 2019-இல் திரும்பி வந்த டொயோட்டா சுப்ராவின் ஆறு சிலிண்டர் எஞ்சின் பிஎம்டபிள்யூ செய்தது. டொயோட்டா கிளான்ஸா என்று இந்தியாவில் விற்பது சுஸுகியின் பலேனோ. அவை நல்ல கார்களா, மோசமான கார்களா என்பதல்ல என் பேச்சு. முகப்பில் ஒட்டிய சின்னத்தைப் பார்த்து ஒருவர் "இது உழைக்கும்" என்று சொன்னால், அவர் உள்ளே இருக்கும் எந்தப் பாகத்தைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை.

பெயர் பெற்ற நிறுவனங்களுக்கும் சறுக்கல் வரும். டொயோட்டாவின் ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ டீசல் வண்டிகளில் புகை வடிகட்டி சரியாக வேலை செய்யாமல் வெண்புகை கக்கியது. 2,60,000-க்கும் மேற்பட்ட வண்டிகளில் அந்தக் குறை இருந்ததாக ஆஸ்திரேலிய ஃபெடரல் நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. அதன் துணை நிறுவனமான டைஹாட்ஸு, பாதுகாப்புச் சோதனைகளில் பல ஆண்டுகளாக முறைகேடு செய்துவந்தது 2023 டிசம்பரில் வெளியானது. 64 மாடல்கள், 174 முறைகேடுகள், அதில் மிகப் பழையது 1989-ஐச் சேர்ந்தது. டொயோட்டா பெயரில் விற்ற வண்டிகளும் அதில் அடக்கம். 2024-இல் டன்ட்ரா வண்டியின் புதிய இரட்டை டர்போ எஞ்சினுக்குள் கடைசல் துகள்கள், அதாவது பாகங்களைக் கடையும்போது உதிரும் உலோகத் துகள்கள், தங்கிவிட்டதற்காக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். ஆனால் பாருங்கள், அதில் எஞ்சினையே முழுதாக மாற்றித் தர முன்வந்தார்கள். "இந்த வகைக்கு இயல்பு" என்று கடிதம் எழுதவில்லை.

உங்கள் விருதுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஜே.டி. பவர் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் நீடித்த உழைப்பு ஆய்வு, வாங்கி மூன்று ஆண்டு ஆன வண்டிகளின் முதல் உரிமையாளர்களிடம் கேட்டு, நூறு வண்டிக்கு எத்தனை குறை என்று எண்ணுகிறது. ஃபோன் புளூடூத்தில் சேர மறுப்பதும் ஒரு குறை, கியர்பாக்ஸ் செத்துப்போவதும் ஒரு குறை. ஜெர்மனியின் ஏடிஏசி என்ற வாகன ஓட்டிகள் சங்கம், நடுரோட்டில் நின்ற வண்டிகளுக்கு உதவப் போன கணக்கை வைத்துப் பட்டியல் போடுகிறது. அவற்றில் பத்தில் நான்குக்கும் மேல் பேட்டரிக் கோளாறு. இந்த ஆய்வுகளைக் குறைத்துப் பேசவில்லை. தாங்கள் எதை அளக்கிறோம் என்று அவர்கள் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார்கள். நீங்கள்தான் சொல்வதில்லை. மூன்றாம் ஆண்டு விருதைக் காட்டி, பதினைந்து ஆண்டு உழைக்கும் என்று நினைக்க வைக்கிறீர்கள். உதறிக்கொண்டிருந்தாலும் நடுரோட்டில் நிற்காத என் வண்டி, அந்த ஜெர்மன் கணக்கில் குறையில்லாத வண்டியாகத்தான் இருந்திருக்கும்.

உங்கள் பெயரின் ஒரு பகுதி உங்களுடையதே அல்ல என்பதும் என் கட்சி. நல்ல பெயர் உள்ள வண்டியை வாங்குகிறவர் அதை ஒழுங்காகப் பராமரிப்பார், ஏனென்றால் விற்கும்போது விலை வரும் என்று தெரியும். வண்டிகள் அதிகம் ஓடுவதால் மெக்கானிக்குகளுக்கு அதன் நாடி நரம்பு தெரியும், பாகங்கள் எங்கும் கிடைக்கும், சின்னக் கோளாறு பெரிதாவதற்குள் பிடிபடும். கோளாறு வந்தாலும் உரிமையாளர், "இந்தக் கம்பெனி வண்டிக்கே இப்படி என்றால் நம் நேரம்" என்று விட்டுவிடுவார். உங்கள் பெயரைக் காப்பாற்றுவதில் நாங்களும் மெக்கானிக்குகளும் செய்யும் வேலை உங்கள் கணக்கில் வரவாகிறது. அதற்குப் பதிலாக நீங்கள் எங்களுக்குத் தந்தது, கையேட்டில் கியர்பாக்ஸ் ஆயில் வாழ்நாள் முழுக்க மாற்ற வேண்டாம் என்ற வரி. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களையே தொழிலாகச் செய்யும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனம், தன் கியர்பாக்ஸ்களுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. அவற்றை வாங்கிப் பொருத்தும் கார் நிறுவனங்களில் சில, மாற்றவே வேண்டாம் என்கின்றன. பராமரிப்புச் செலவு குறைவு என்று விளம்பரத்தில் காட்ட அது உதவும். கியர்பாக்ஸுக்கு உதவாது.

தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் துறையில் பாடங்கள் குறைவில்லை. ஜெனரல் மோட்டார்ஸின் இக்னிஷன் சுவிட்சு ஓடும்போதே அணைந்தது, அதனால் காற்றுப்பை விரியவில்லை. பொறியாளர் ஒருவர் பாகத்தைத் திருத்தினார், ஆனால் பார்ட் நம்பரை மாற்றவில்லை. அதனால் பழைய சுவிட்சு எது, புதியது எது என்று வெளியே யாருக்கும் தெரியவில்லை. 2014-இல் 26 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். நிறுவனமே ஏற்று இழப்பீடு கொடுத்த மரணங்கள் 124. ஹூண்டாயின் தீட்டா எஞ்சினில் கடைசல் துகள்களால் பேரிங்குகள் தேய்ந்து எஞ்சின் நின்றது. திரும்ப அழைத்ததில் செய்த தாமதத்தை வெளியே சொன்னவர் கிம் குவாங் ஹோ என்ற அவர்களுடைய பொறியாளரே. அமெரிக்க சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2021-இல் அவருக்கு 2 கோடியே 40 லட்சம் டாலருக்கும் மேல் வெகுமதி அளித்தது. என் வால்வு பாடியால் யாரும் சாகவில்லை. அதை இவற்றோடு சமமாக வைக்கவும் இல்லை. ஆனால் ஒளிக்கும் பழக்கம் சிறிய பாகங்களில்தான் தொடங்குகிறது, எந்தப் பாகத்தில் அது நிற்கும் என்று நீங்கள் எனக்கு உறுதி சொல்ல முடியாது.

குறைகளை வெளியிட்டால் போட்டியாளர்கள் அதை வைத்து எங்களை அடிப்பார்கள் என்று உங்கள் சட்டத்துறை சொல்லும். அமெரிக்காவில் உற்பத்தியாளர்கள் தங்கள் டீலர்களுக்கு அனுப்பும் சர்வீஸ் சுற்றறிக்கைகளை அரசு அமைப்பிடம் கொடுக்க வேண்டும், அவை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. அதனால் எந்த நிறுவனமும் அங்கே மூடப்படவில்லை. ஆயிரத்தில் சில வண்டிகளில்தான் வரும் குறை என்றும் சொல்வீர்கள். இருக்கலாம். அப்படியானால் அவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவும் அந்த அளவுக்குச் சிறியதுதானே!

உங்களிடம் கேட்பவை இவை.

மூடிய என் புகாரைத் திறங்கள். அதோடு, பழைய பார்ட் நம்பர் கொண்ட வால்வு பாடியுடன் விற்ற அத்தனை வண்டிகளுக்கும், இன்று யார் கையில் இருந்தாலும், கியர்பாக்ஸ் வாரண்டியை 10 ஆண்டுக்கு நீட்டியுங்கள். ஏற்கெனவே கைக்காசு போட்டு மாற்றியவர்களுக்கு, பில்லைக் காட்டினால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். எனக்கு மட்டும் நல்லெண்ண அடிப்படையில் பாதித் தொகை என்று பேரம் பேச வர வேண்டாம், வாங்க மாட்டேன்.

டீலர்களுக்கு நீங்கள் அனுப்பும் சர்வீஸ் சுற்றறிக்கைகளையும், எந்தப் பாகம் எந்த மாதத்தில் எதற்காகத் திருத்தப்பட்டது என்ற விவரத்தையும், வண்டியின் சேசிஸ் எண்ணைப் போட்டால் உரிமையாளர் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

பெயரின் பின்னால் ஒளியாமல், ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒவ்வொரு கியர்பாக்ஸுக்கும் தனித்தனியாக, ஆண்டுதோறும் எத்தனை வாரண்டிக் கோரிக்கைகள் வந்தன, எத்தனை நிராகரிக்கப்பட்டன என்ற கணக்கைக் கொடுங்கள். உங்கள் பெயர் தகுதியானதா என்று நானும் சொல்ல வேண்டாம், நீங்களும் சொல்ல வேண்டாம். அந்தக் கணக்கைப் பார்த்து வாங்குகிறவர் முடிவு செய்யட்டும்.

ஜாப் கார்டில் வாடிக்கையாளர் சொன்னது அவர் சொன்ன சொற்களிலேயே எழுதப்பட வேண்டும். "இயல்பானது" என்று எழுதுகிறவர், எந்த அளவு வரை இயல்பு, இந்த வண்டியில் எவ்வளவு அளந்தோம் என்று எண்ணோடு எழுதிக் கையெழுத்திட வேண்டும். அளக்காமல் அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது.

கையேட்டில் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றும் கிலோமீட்டரை அச்சிடுங்கள். ஏற்கெனவே வண்டி வாங்கியவர்களுக்கு அதைத் தபாலில் அனுப்புங்கள்.

விருதுகளை விளம்பரத்தில் போடும்போது எந்த மாடல், எந்த ஆண்டு வண்டி, எத்தனை ஆண்டுப் பயன்பாட்டில் அளந்தது என்று அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

இந்த மடல் வெளியான நாளிலிருந்து 30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். தொலைபேசியில் யாரும் சமாதானம் பேச வேண்டாம். பதில் வராவிட்டால் ஜாப் கார்டுகள், இரண்டு பார்ட் நம்பர்களின் படங்கள், உங்கள் கடிதம் மூன்றையும் நுகர்வோர் நீதிமன்றத்தில் கொடுக்கிறேன். பழைய வால்வு பாடி என்னிடம்தான் இருக்கிறது. உங்கள் பொறியாளர்கள் யாராவது வந்து பார்க்க விரும்பினால் பார்க்கலாம், எடுத்துப்போக முடியாது.

இப்படிக்கு,
உங்கள் வண்டியின் உரிமையாளர்களில் ஒருவர்